புயலும் இல்லை, மழையும் இல்லை. பிறகு ஏன் "கடலுக்குப் போக வேண்டாம்"?

கேள்வி இது: ஜூன் பிறந்தால் செப்டம்பர் வரை ஏறக்குறைய தினமும் "மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் சூறாவளிக்காற்று வீசக்கூடும், மீனவர்கள் இப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம்" என்று செய்தி வருகிறது. புயல் சின்னம் எதுவும் இல்லை. தூத்துக்குடியிலும் ராமநாதபுரத்திலும் வெயில் கொளுத்துகிறது. அப்படியிருக்க எதற்கு இந்த எச்சரிக்கை, வெறும் சடங்கா?

சடங்கு இல்லை. இந்த நான்கு மாதமும் அரபிக்கடலிலும் வங்கக்கடலின் தென்பாதியிலும் ஆளை அடிப்பது காற்றும் அலையும்தான். மழை பெய்கிறதா என்பதை வைத்துக் கடலைக் கணிக்க முடியாது. மேகமே இல்லாத வானத்தின் கீழ் 3 மீட்டர் அலை நாள் முழுக்க ஓடும்.

அந்த எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் மணிக்கு 31 முதல் 49 கி.மீ. காற்று சுழன்று வீசினால் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால் புயல், பெயர் வைத்துவிடுவார்கள். ஜூலை மாதத்து மன்னார் வளைகுடாவில் சாதாரணமாக வீசும் 45-55 கி.மீ. காற்று, ஒரு தாழ்வு மண்டலத்தின் காற்றில் தொடங்கி ஆழ்ந்த தாழ்வு மண்டலத்தின் காற்று வரை எட்டுகிறது. சுழற்சி இல்லை, மையம் இல்லை, பெயர் இல்லை. அதனால் தொலைக்காட்சியில் வரைபடமும் இல்லை. படகுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கப்பல்காரர்களின் நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) கணக்கில் 45 கி.மீ. என்பது 24 நாட், 55 என்பது 30, 65 என்பது 35. காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 30 கி.மீ. காற்று 45 ஆனால் விசை ஒன்றரை மடங்கு ஆவதில்லை, இரண்டேகால் மடங்கு ஆகிறது.

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் கடலின் எந்த மூலையில் என்ன நடக்கும் என்பது பிடிபடும்.

நமக்குக் கோடை முடியும்போது தென் அரைக்கோளத்தில் குளிர்காலம். மடகாஸ்கருக்குக் கிழக்கே, 30 டிகிரி தெற்கு அட்சரேகையை ஒட்டி மஸ்கரீன் உயரழுத்தம் வலுக்கிறது. மறுமுனையில் பாகிஸ்தான், ராஜஸ்தான் பாலைநிலம் காய்ந்து அங்கே அழுத்தம் குறைகிறது. தெற்கிலிருந்து கிளம்பும் காற்று ஆப்பிரிக்கக் கரையோரமாக நிலநடுக்கோட்டைத் தாண்டி, பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் வளைந்து, தென்மேற்குக் காற்றாகி அரபிக்கடலில் நுழைகிறது. கென்ய, எத்தியோப்பிய மேட்டுநிலங்கள் மேற்கே சுவர்போல் நிற்பதால் காற்று பரவ வழியின்றி ஒரு குறுகிய பட்டையாக இறுகுகிறது. சோமாலி ஜெட் என்பது இதுதான். 1969இல் ஃபிண்ட்லேட்டர் என்ற ஆய்வாளர் இதை முழுமையாக வரைந்து காட்டியதால் அவர் பெயரிலும் வழங்குகிறது. தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை கி.மீ. உயரத்தில்தான் இதன் மையம். அங்கே 50 நாட் என்பது வியப்பில்லை. கீழே கடல்மட்டத்தில், சொகோத்ரா தீவைச் சுற்றி, ஜூலையில் 30 நாட்டை ஒட்டிய காற்று நாள்கணக்கில் ஓயாமல் வீசும்.

ஓயாமல் என்பதைக் கவனியுங்கள். அலையின் உயரம் மூன்றைப் பொறுத்தது: காற்றின் வேகம், எவ்வளவு நேரம் வீசுகிறது, தடையில்லாமல் எவ்வளவு தூரம் நீரின்மேல் ஓடுகிறது. புயலில் வேகம் அதிகம், ஆனால் திசை மாறிக்கொண்டே இருக்கும், பரப்பும் குறைவு. பருவக்காற்றில் மூன்றும் சேர்ந்து கிடைக்கின்றன: சோமாலியாவிலிருந்து குஜராத் வரை 2,000 கி.மீ.க்கும் மேல் ஒரே திசை, வாரக்கணக்கில். அதனால் மேற்கு, நடு அரபிக்கடலில் ஜூலையில் 4 மீட்டர் அலை சராசரி நிலவரம். வலுத்த நாட்களில் 6 மீட்டரைத் தொடும்.

அதே காற்று சோமாலியக் கரையின் மேல்நீரை வெளியே தள்ளிவிட, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் எழும்பி வருகிறது. சோமாலியாவின் ராஸ் ஹஃபூன் முனை அருகே ஜூலை, ஆகஸ்டில் கடல் வெப்பநிலை 20 டிகிரிக்கும் கீழே போவதுண்டு. அதே நேரம் கேரளத்துக்கு அப்பால் 28. சோமாலியக் கடலோர நீரோட்டம் வடக்கு நோக்கித் திரும்பி 4, 5 நாட் வேகத்தில் ஓடும். கரைக்கு அப்பால் சில நூறு கி.மீ. அகலத்தில் ஒரு மாபெரும் சுழல் உருவாகிவிடும். ஓமானின் தோஃபார் கரையிலும் குளிர்நீர் எழும்புகிறது. அதன்மேல் ஈரக்காற்று படியும்போது மூடுபனியும் தூறலும். அங்கே சலாலா நகரில் கரீஃப் என்று அழைக்கப்படும் இந்த மூடுபனிப் பருவம் சுற்றுலாக்காரர்களுக்குக் கொண்டாட்டம், அந்தக் கரையோரம் போகும் கப்பலுக்குப் பார்வைத்தூரம் குறையும் தலைவலி. பாரசீக வளைகுடாவுக்குள் போனால் வேறு கதை: அங்கே ஜூன், ஜூலையில் வடமேற்கிலிருந்து ஷமால் காற்று, கூடவே மணல் தூசி.

கப்பல்காரர்களுக்கு ஒன்று. ஏடனிலிருந்து கொழும்புப் பக்கம் வரும்போது அலை பின்பக்கவாட்டிலிருந்து வந்து கப்பலை உருட்டும்; கன்டெய்னர்களைக் கட்டியிருக்கும் லாஷிங் தளர்வது இங்கேதான். எதிர்த்திசையில் மேற்கு நோக்கிப் போனால் அலையை முகத்தில் வாங்கவேண்டும். முகப்பு தண்ணீரில் மோதி அதிரும், வேகம் பாதியாகக்கூடக் குறையும். அதனால்தான் பல மாஸ்டர்கள் (கப்பல் தலைவர்கள்) நேர்கோட்டை விட்டுத் தெற்கே இறங்கிச் சுற்றிப் போகிறார்கள். தூரம் கூடினாலும் எரிபொருளும் நேரமும் மிஞ்சும். சோமாலியாவின் வடகிழக்குக் கோடியான குவார்டாஃபுய் முனையைத் தாண்டி ஏடன் வளைகுடாவுக்குள் நுழைந்ததும் அலை சட்டென்று தணியும். சோமாலியக் கொள்ளையரின் சிறுபடகுகளும் இந்த மாதங்களில் வெளிக்கடலில் தலைகாட்டுவது குறைவு. கருணையால் அல்ல, அந்த அலையில் படகை ஓட்டி ஏணி போட முடியாது.

சரக்கு ஏற்றும் கணக்கிலும் இந்தப் பருவம் நுழைகிறது. கப்பல் எவ்வளவு ஆழம் வரை அமிழலாம் என்று கடல்பகுதி, பருவம் வாரியாகச் சொல்லும் லோடு லைன் விதிகளின்படி வங்கக்கடல் டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை டிராபிகல் பகுதி. மே 1 முதல் நவம்பர் 30 வரை சம்மர் பகுதி. அரபிக்கடலும் பருவக்காற்று உச்சத்தில் இருக்கும் மாதங்களில் சம்மர் குறிக்கு, அதாவது கப்பலின் பக்கத்தில் டிராபிகல் கோட்டுக்குக் கீழே இருக்கும் கோட்டுக்கு, மாறிவிடும். அங்கே தேதிகள் பகுதிக்குப் பகுதி மாறுவதால் வரைபடத்தைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். டிராபிகல் குறிக்கும் சம்மர் குறிக்கும் உள்ள இடைவெளி சம்மர் மிதவை ஆழத்தில் 48இல் ஒரு பங்கு. 12 மீட்டர் ஆழம் இழுக்கும் கப்பலுக்கு 25 செ.மீ. பெரிய பல்க் கப்பலில் அது ஆயிரம் டன்னுக்கு மேல் சரக்கு. பகுதியின் எல்லையைத் தாண்டும் தேதியில் கப்பல் எந்தக் குறியில் மிதக்கும் என்பதை, வழியில் எரியும் எண்ணெயைக் கழித்து, ஏற்றும் துறைமுகத்திலேயே கணக்குப் போட்டுவிட வேண்டும்.

இனி நம் கரைக்கு வருவோம்.

கேரளத்தில் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே சராசரியாக 200 செ.மீ. மழை, தமிழ்நாட்டுக்கு 33 செ.மீ. அளவில்தான். காரணம் எல்லோருக்கும் தெரிந்த மேற்குத் தொடர்ச்சி மலை. ஆனால் மலை தடுப்பது ஈரத்தை மட்டும்தான். காற்று கணவாய் வழியே புகுந்துவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாயின் வாயில், முப்பந்தலில், காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கு அதுவே காரணம். மலைத்தொடர் முடியும் குமரிமுனைக்கும் இலங்கையின் மத்திய மலைநாட்டுக்கும் நடுவே இருக்கும் திறப்பில் காற்று நெருக்கப்பட்டு வேகமெடுக்கிறது. மன்னார் வளைகுடா அந்தத் திறப்பின் நடுவில் கிடக்கிறது. ஆடிக்காற்று என்று நாம் சொல்வதன் உச்சம், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை, இங்கேதான்.

ராமேசுவரத்தில் இதை ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். தனுஷ்கோடிச் சாலையின் தென்பக்கம் மன்னார் வளைகுடா, வடபக்கம் பாக் விரிகுடா. உள்ளூரில் முன்னது ஆண்கடல், பின்னது பெண்கடல். ஜூலையில் தென்பக்கம் அலை மடிந்து மடிந்து வெள்ளையாக உடையும். சில நூறு மீட்டர் தள்ளி வடபக்கம் குளம்போல் கிடக்கும். டிசம்பரில் வாடை வந்தால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். பாம்பன் வாயில் இந்த மாதங்களில் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்காக இழுக்கும். பாக் விரிகுடா அமைதி என்பதை நம்பி அசட்டையாகவும் இருக்கக்கூடாது. அது ஆழமில்லாத கடல், காற்று வலுத்தால் குட்டையான, செங்குத்தான அலை மிகச் சீக்கிரம் எழும்பிவிடும்.

இலங்கையிலும் இதே இரட்டைநிலை. நீர்கொழும்பு, சிலாபம், காலிப் பக்கம் கடல் கொந்தளிக்கும்போது திருகோணமலை, முல்லைத்தீவு, மட்டக்களப்புக் கடல் மலைமறைவில் அடங்கியிருக்கும். மேற்குக் கரை மீனவர்கள் இந்தப் பருவத்தில் கிழக்கே போய் வாடி (தற்காலிக மீன்பிடிக் குடில்) அமைத்துத் தொழில் செய்வது பல தலைமுறைப் பழக்கம். தீவின் தென்முனையில், தேவேந்திரமுனைக்கு அப்பால், கிழக்கு நோக்கி ஓடும் பருவ நீரோட்டமும் கப்பல் நெரிசலும் சேர்ந்துகொள்ளும். சிறு படகுக்கு உகந்த இடமில்லை.

மழைக்கும் கடலுக்கும் கணக்கு ஒத்துப்போகாது என்றேன் அல்லவா? பருவமழை நான்கு மாதமும் ஒரே சீராகப் பெய்வதில்லை. சில வாரம் ஓங்கும், பிறகு சில நாள் ஓயும். ஓங்கும்போது ஜெட் காற்று தீபகற்பத்தின் நடுப்பகுதி வழியாகப் போகும்; குஜராத்திலிருந்து கேரளம் வரை கரையோரத் தாழ்வுநிலை நீண்டு கிடக்கும், மேற்குக் கரையில் கொட்டும். ஓயும்போது பருவமழைத் தாழ்வுப்பட்டை இமயமலை அடிவாரத்துக்கு நகர்ந்துவிடும். அப்போது ஜெட் காற்று ஓய்வதில்லை, தெற்கே இறங்கிக் குமரிக்கும் இலங்கைக்கும் கீழே வழிபிடிக்கும். கேரளத்தில் மழை விட்டிருக்கும், செய்திகளில் "பருவமழை பலவீனம்" என்பார்கள், குமரிக்கடலிலோ காற்று அடங்காது. கொல்லத்தில் வெயில் அடிக்கிறது என்று கேள்விப்பட்டுப் படகை இறக்குவது இந்தக் காரணத்தால்தான் தவறான கணக்கு. வேடிக்கை என்னவென்றால், மற்ற மாநிலங்களில் மழை ஓயும் இந்த நாட்களில்தான் தமிழ்நாட்டு உள்மாவட்டங்களில் மாலை இடிமழை கூடும்.

இப்போது முக்கியமான இடம்: அலை அறிவிப்பை வாசிப்பது. பலரும் உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள். உயரம் பாதிச் செய்திதான்.

ஐதராபாத்தில் இருக்கும், கடல் நிலவரத்தை முன்னறிவிக்கும் இன்காய்ஸ் நிறுவனமும் வானிலை மையமும் சொல்லும் அலை உயரம், வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. 2.5 மீட்டர் என்று போட்டிருந்தால் சில மணி நேரத்தில் அதைப்போல 1.8 மடங்கு, அதாவது 4.5 மீட்டர் அலை ஒன்றாவது வரும் என்று எதிர்பார்க்க வேண்டும். அது விதிவிலக்கு இல்லை, கணக்கிலேயே அடங்கியது.

அடுத்தது அலைக்காலம்: ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர எத்தனை நொடி. ஆழ்கடலில் அலையின் நீளம், அலைக்காலத்தின் வர்க்கத்தை 1.56ஆல் பெருக்கினால் கிடைக்கும். 6 நொடி என்றால் 56 மீட்டர். 16 நொடி என்றால் 400 மீட்டர். இதை வைத்து இரண்டு நாட்களை ஒப்பிடுங்கள். முதல் நாள், 2.5 மீட்டர் உயரம், 6 நொடி. 56 மீட்டருக்குள் 2.5 மீட்டர் ஏறி இறங்க வேண்டும். முகடுகள் நெருக்கமாக, செங்குத்தாக, உச்சியில் உடைந்தபடி வரும். 30 அடி ஃபைபர் படகு ஒரு முகட்டிலிருந்து விழுந்து நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். இரண்டாம் நாள், 3 மீட்டர் உயரம், 16 நொடி. 400 மீட்டருக்கு 3 மீட்டர்; வெளிக்கடலில் படகு மெதுவாக எழுந்து இறங்கும், கூர்ந்து பார்க்காவிட்டால் அலை இருப்பதே தெரியாது. உயரம் அதிகமான நாள்தான் வெளிக்கடலில் சுகமான நாள்.

கரையை நெருங்கினால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும். அலை தன் நீளத்தில் பாதி ஆழத்தில் தரையை உணரத் தொடங்கும். 6 நொடி அலைக்கு அது 28 மீட்டர் ஆழம். 18 நொடி அலைக்கு 250 மீட்டர். தரை உரச உரச அலை வேகம் குறைந்து, நீளம் சுருங்கி, உயரம் கூடும். ஆழ்கடலில் இரண்டும் 1.2 மீட்டராக இருந்தால், 6 நொடி அலை கரையில் ஏறக்குறைய 1.5 மீட்டரில் உடையும்; 18 நொடி அலை 2.3 மீட்டரில் உடையும். ஓர் அலை தன் உயரத்தைப்போல 1.3 மடங்கு ஆழம் உள்ள இடத்தில் உடைகிறது. 2.3 மீட்டர் அலைக்கு அது 3 மீட்டர் ஆழம். ஒரு துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து 3 மீட்டர்தான் ஆழம் என்றால், வெளியே ஒன்றுமே தெரியாமல் வந்த அலை சரியாக அந்த வாயில் எழும்பி உடைகிறது. குமரி மாவட்டத்தில் தேங்காய்ப்பட்டணம், திருவனந்தபுரத்தில் முதலப்பொழி ஆகிய முகத்துவாரங்களில் விபத்துச் செய்திகள் வந்துகொண்டே இருப்பதன் பின்னால் இந்தக் கூட்டுதான் இருக்கிறது: மணல்திட்டு, நீண்ட அலை, எதிரே ஆற்றிலிருந்து வெளியேறும் நீர்.

கடல் வற்றும் நேரத்தில் நீர் வெளியே ஓடும்; எதிர்வரும் அலை அதில் முட்டி இன்னும் செங்குத்தாகும். அதே அலை, ஏற்றம் முடியும் நேரத்தில் பாதி ஆபத்துகூட இல்லாமல் இருக்கலாம். ஆகவே வாயில் நுழைய வேண்டியவர் முதலில் ஏற்ற-வற்ற நேரத்தைப் பார்க்க வேண்டும். வெளியே நிறுத்தி அலைகளை எண்ண வேண்டும். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளியில், ஓர் அலையின் முதுகுக்குப் பின்னாலேயே அதன் வேகத்தில் உள்ளே போக வேண்டும். அவசரப்பட்டு முகட்டைத் தாண்டி முன்சரிவில் இறங்கினால், முகப்பு தண்ணீரில் குத்தி, பின்பக்கம் தூக்கி, படகு குறுக்கே திரும்பிவிடும். கவிழ்வது பெரும்பாலும் இப்படித்தான். உயிர்காப்பு அங்கியைக் கரை தெரிந்ததும் கழற்றிப் போடும் பழக்கம் இருக்கிறதே, அது மிக மோசமான நேரத்தில் செய்யப்படும் காரியம்.

இந்த நீண்ட அலை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம் பருவக்காற்றிலிருந்து இல்லை. 40 டிகிரி தெற்குக்கும் கீழே, அண்டார்டிகாவைச் சுற்றும் கடலில், குளிர்காலப் புயல்கள் கிளப்பும் அலைகள்தான் ஸ்வெல்லாக, அதாவது கிளப்பிய காற்றை விட்டு வெகுதூரம் ஓடிவரும் அலையாக, இங்கே வருகின்றன. ஸ்வெல் கூட்டம் ஆழ்கடலில் நகரும் வேகம், அலைக்காலத்தைப்போல ஒன்றரை மடங்கு நாட். 18 நொடி என்றால் 27 நாட், மணிக்கு 50 கி.மீ., நாளொன்றுக்கு 1,200 கி.மீ. 6,000 கி.மீ. தாண்டிவர 5 நாள். காற்று துளியும் இல்லாத நாளில் கேரள, குமரிக் கரைகளில் கடல் திடீரென்று தெருவுக்குள் ஏறும் கள்ளக்கடல் இதுதான். எங்கோ நடந்த புயலின் கணக்கு ஐந்தாறு நாள் கழித்து இங்கே தீர்க்கப்படுகிறது. முன்கூட்டியே தெரியும் ஆபத்து என்பது இதில் உள்ள ஒரே நல்ல செய்தி. 2020 முதல் இன்காய்ஸ் இதற்கென்று தனி எச்சரிக்கை தருகிறது. குமரி மாவட்டத்துக்கு "நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை" என்று வரும் அறிவிப்பு இந்த வகை. 2024 மே தொடக்கத்தில் அப்படி எச்சரிக்கை இருந்த நாட்களில்தான், மே 6 அன்று, கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள்.

கடற்கரைக்குப் போகிறவர்கள் இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, நீண்ட அலைகளுக்கு நடுவே கடல் பல நிமிடம் சாதுவாக இருக்கும் என்பது. அந்தச் சாது நேரத்தில் இறங்கிப் பழகிவிட்டால் அடுத்த கூட்டம் வரும்போது இடுப்பளவு நீரில் நிற்பீர்கள். அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தோடு சேர்ந்தால் தண்ணீர் எட்டும் கோடு இன்னும் மேலே போகும். குமரிக் கரையில் ஏற்ற-வற்ற வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்றாலும், வீட்டு வாசல் நனையுமா இல்லையா என்பதை அந்த அரை மீட்டர்தான் தீர்மானிக்கிறது.

சோழமண்டலக் கரைக்கு, அதாவது நாகப்பட்டினம் முதல் சென்னை வரை, இந்தப் பருவம் ஒப்பீட்டளவில் சாது. காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போவதால் கரையோரம் அலை பெரிதாக எழும்ப இடமில்லை. இங்கே பார்க்க வேண்டியது இரண்டு. மேற்குக் காற்று வலுத்தால் கடற்காற்று பிற்பகல் வரை உள்ளே நுழையாது, அன்று சென்னை 40 டிகிரியை எட்டும். அடுத்தது இரவு இடிமழை: வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் மாலையில் எழும்பும் இடிமேகம் மேற்குக் காற்றோடு நகர்ந்து இரவில் கரையைத் தாண்டும். அதன் முன்னால் ஓடும் குளிர்காற்று சட்டென்று 50 கி.மீ. வேகத்தில் கடலுக்குள் பாயும். கரையிலிருந்து சில மைல் தள்ளி வலை விரித்திருக்கும் சிறு படகை அது மேலும் வெளியே தள்ளும், இன்ஜின் மக்கர் செய்தால் திரும்ப முடியாது. மேற்கே மின்னல் தெரிந்து, புழுக்கம் சட்டென்று விலகிக் குளிர்ச்சி தட்டினால், வலையை ஏற்ற அரைமணிகூட இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

வங்கக்கடலின் வடகோடியில் நிலைமை வேறு. அங்கே கடல் 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை, ஜூன் முதல் செப்டம்பர் வரை தாழ்வுப் பகுதிகளும் தாழ்வு மண்டலங்களும் அடுத்தடுத்து உருவாகி ஒடிசா, வங்கக் கரையைத் தாண்டி மேற்கு-வடமேற்காகப் போகும். அவை புயலாக வளராததற்குக் காரணம் உண்டு: கீழே ஒன்றரை கி.மீ. உயரத்தில் காற்று மேற்கிலிருந்து, மேலே 14, 15 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து 60 நாட்டுக்கு மேல். மேலும் கீழும் எதிரெதிரே இழுப்பதால் மேகக்கூட்டம் செங்குத்தாக அடுக்கி நிற்க முடிவதில்லை. இந்த இழுபறி பலமாக இல்லாத ஓரங்களில், அதாவது மே, ஜூனிலும் அக்டோபர் தொடங்கியும்தான் புயல் பயம். 2007 ஜூனில் ஓமானைத் தாக்கிய கோனு, 2021 மே 17 அன்று குஜராத்தில் கரையேறிய டவ்தே (மும்பைக்கு அப்பால் பி305 என்ற பார்ஜ் மூழ்கியது அப்போதுதான்), 2023 ஜூனில் பல நாள் கடலிலேயே அலைந்து குஜராத்தின் ஜக்காவு அருகே கரையேறிய பிபர்ஜாய், எல்லாம் இந்த ஓரத்தில் வந்தவை. 2024 ஆகஸ்ட் கடைசியில் குஜராத் நிலப்பரப்பிலிருந்து அரபிக்கடலில் இறங்கிப் புயலான அஸ்னா பெரிய விதிவிலக்கு. அரபிக்கடலில் ஆகஸ்ட் புயல் என்பது 1976க்குப் பிறகு அதுதான்.

மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் குழப்பம் அதிகம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31, இரண்டும் 61 நாள். இது மீன்வளத்துக்காகப் போட்ட தடை, வானிலை நாட்காட்டி இல்லை. கிழக்கே தடை முடியும் ஜூன் 15, மன்னார் வளைகுடாவில் காற்று ஏறிக்கொண்டிருக்கும் நேரம். மேற்கே ஆகஸ்ட் 1 அன்று ஆழ்கடலுக்குக் கிளம்பும் படகுகள் போவதும், இன்னும் 3, 4 மீட்டர் அலை ஓடும் அரபிக்கடலுக்குத்தான். தடை விசைப்படகுக்கு மட்டும். நாட்டுப்படகும் ஃபைபர் படகும் நடுப்பருவத்திலும் போகின்றன. தினசரி எச்சரிக்கை அவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

எச்சரிக்கையைப் பார்க்கும் வரிசை இப்படி இருந்தால் போதும். முதலில் காற்று, அதுவும் "இடையிடையே" என்ற பிறகு வரும் எண். படகைக் கவிழ்ப்பது சராசரிக் காற்று இல்லை. பிறகு அலை உயரம், அதை 1.8ஆல் பெருக்கி. பிறகு அலைக்காலமும் திசையும்: 10 நொடிக்குக் கீழே இருந்தால் வெளிக்கடலைப் பற்றிக் கவலைப்படுங்கள், 15க்கு மேலே இருந்தால் முகத்துவாரத்தைப் பற்றியும் கரையைப் பற்றியும். பிறகு ஏற்ற-வற்ற நேரம். மழை கடைசி. கைப்பேசிச் செயலிகளில் பார்ப்பவர்கள் மொத்த அலை உயரத்தோடு நிறுத்தாமல் ஸ்வெல்லைத் தனியாகத் திறந்து பாருங்கள்; 2 மீட்டர் உள்ளூர் அலைக்குள் 1 மீட்டர் ஸ்வெல் ஒளிந்திருந்தால் மொத்தக் கணக்கில் அது தெரியவே தெரியாது. அந்தச் செயலிகள் ஓட்டும் உலகளாவிய மாதிரிகள் சில, 25 கி.மீ. கட்டங்களில் தரவு தருபவை. கணவாய்க் காற்றும் தனுஷ்கோடியின் இருபக்க வேறுபாடும் அந்தக் கட்டத்துக்குள் கரைந்துவிடும். குமரிமுனை, மன்னார் வளைகுடாவுக்குச் செயலி காட்டுவதைவிடக் காற்று கூடுதலாக இருக்கும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. நேரம் உலகப்பொது நேரமா, இந்திய நேரமா என்று பாருங்கள். ஐந்தரை மணி நேரம் தவறினால் ஏற்றத்தை வற்றம் என்று எடுத்துக்கொண்டுவிடுவீர்கள்.

வடமேற்கு ராஜஸ்தானிலிருந்து பருவமழை விலகத் தொடங்கும் வழக்கமான நாள் செப்டம்பர் 17. அதை ஒட்டி அரபிக்கடல் தணியும், செப்டம்பர் கடைசியில் மன்னார் வளைகுடாவும் மெல்ல அடங்கும். வாடை எழும்புவதற்கு முன் சில வாரம் ஆண்கடலும் பெண்கடலும் ஒருசேர அமைதியாக இருப்பது அப்போதுதான். தெற்கிலிருந்து வரும் ஸ்வெல் மட்டும் அந்த வாரங்களிலும் நிற்பதில்லை. அக்டோபரில் வங்கக்கடலில் புயல் பருவம் தொடங்கிவிடுவதால், அதன்பிறகு அறிவிப்பில் முதலில் தேட வேண்டியது தாழ்வுப் பகுதி எங்கே உருவாகிறது என்பதை.